முகூர்த்தப் படத்திற்கு ஏற்ற லென்ஸ்



கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தை மாதத்து வைகறை முகூர்த்தங்களுக்குச் சென்றவர்களுக்கு அந்த வெளிச்சம் நினைவிருக்கும். வெளியே பனிமூட்டம், உள்ளே ஓமப் புகை, குத்துவிளக்கின் சுடர், உயரத்தில் ஓரிரு மின்விளக்குகள். நம் கண்ணுக்கு அது போதும், காமிராவுக்குப் போதாது. கெட்டிமேளம் முழங்கத் தாலி கழுத்தில் ஏறும் நேரமோ சில நொடிகள்தாம். "படம் சரியாக விழவில்லை, இன்னொரு முறை கட்டுங்கள்" என்று மணமகனிடம் கேட்க முடியுமா? அந்தச் சில நொடிகளுக்காகவே புகைப்படக் கலைஞர்கள் 'வேக லென்ஸ்' என்ற ஒன்றைத் தேடி அலைகிறார்கள்.

இதைப்பற்றி நான் பேச வந்ததற்குக் காரணம் உண்டு. என்னிடம் பௌதிகம் படித்த மாணவர் ஒருவர் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கிறார். முறை மாறி மாறி வரும் ஷிப்டு வேலை. ஓய்வு நாளும் முகூர்த்த நாளும் ஒன்றாக அமைந்தால் திருமணப் படம் எடுக்கப் போவார். ஒரு நாள் அவர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, 85 மில்லிமீட்டர், எப் 1.4 லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். தவணைக்குத் தருகிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அதன் விலை அவருடைய பல மாதச் சம்பளம். கல்லூரியில் படித்துக்கொண்டே இத்தொழிலுக்குத் துணையாளாகச் செல்லும் இளைஞர்கள் உங்களிடையேயும் இருக்கிறார்கள். ஆகவே அவரும் நானும் ஆராய்ந்ததை உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் அந்த எண்களின் பொருளைக் காண்போம். பூதக்கண்ணாடி ஒன்றைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகே பிடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் வெளியே தெரியும் மரமும் வானமும் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். கண்ணாடிக்கும் சுவருக்கும் அப்போது உள்ள தொலைவே, ஏறத்தாழ, குவியத் தூரம். இது மாறாமல் ஒன்றாகவே இருக்கும் லென்ஸுக்குப் பிரைம் லென்ஸ் என்று பெயர். கூட்டவும் குறைக்கவும் இயன்றது ஜூம் லென்ஸ். குவியத் தூரத்தை ஒளி புகும் துளையின் விட்டத்தால் வகுத்தால் எப் எண் வரும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எப் 2 என்றால் துளை 25 மில்லிமீட்டர். எண் சிறுத்தால் துளை பெருக்கும். வகுப்பில் பல பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால் தடுமாற்றம் நீங்கிவிடும்.

துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காமிராவோடு சேர்த்து விற்கும் சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால் பெரும்பாலும் எப் 5.6 அளவே திறக்கும். எப் 1.8 லென்ஸோ அதைப்போல ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதற்கு ஒரு நொடியில் 15-இல் ஒரு பங்கு நேரம் தேவையென்றால், பின்னதற்கு 140-இல் ஒரு பங்கு போதும். முடிச்சிடும் கையின் அசைவுக்கு 15-இல் ஒரு பங்கு நொடி நீண்ட காலம், விரல்கள் கரைந்துவிடும். ஒளியை மிகுதியாக ஏற்று நேரத்தைக் குறைப்பதால்தான் அதற்கு வேக லென்ஸ் என்று பெயர் வந்தது.

இந்த வேகத்தின் வரலாறும் சுவையானது. தாகேர் முறையில் படம் எடுக்கத் தொடங்கிய 1839-இல் லென்ஸின் திறப்பு எப் 15 அளவில் இருந்தது. படம் எடுத்துக்கொள்பவர் வெயிலில் பல நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் 1840-இல் ஏறத்தாழ எப் 3.6 திறப்புள்ள லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டு வடித்தார். ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட, ஆஸ்திரிய இராணுவத்தின் பீரங்கிப் படையினர் சிலர் அவருக்குத் துணையாக அனுப்பப்பட்டனர். குண்டு விழும் இடத்தைக் கணக்கிடக் கற்றவர்கள் மனித முகத்தைப் பதிப்பதற்குக் கணக்குப் போட்டார்கள்! வாய்க்ட்லண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. ஏறத்தாழ பதினேழு மடங்கு ஒளி. ஆனால் அந்த லென்ஸில் நடு மட்டும் தெளிவாக விழும், ஓரம் மங்கும். வேகத்துக்கு ஒரு விலை உண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

நம் காலத்துக்கு அருகில் இன்னொன்று. 1975-இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' என்ற திரைப்படத்தில் ஸ்டான்லி குப்ரிக் சில காட்சிகளை மெழுகுவத்திச் சுடரிலேயே படமாக்கினார். நிலவு ஆராய்ச்சிக்காக ஜைஸ் நிறுவனம் நாசாவுக்குச் செய்த 50 மில்லிமீட்டர், எப் 0.7 லென்ஸ் அதற்கு உதவியது. தெளிவாக விழும் இடம் மிகமிகக் குறுகியதாதலால், அந்தக் காட்சிகளில் நடிகர்கள் முன்னும் பின்னும் அசையாமல் நடிக்க வேண்டியிருந்தது. நடிகரை அசையாதே எனலாம். மாப்பிள்ளைக்கு அப்படிக் கட்டளையிட முடியுமா?

எனக்கு இதில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. 1986-இல் என் திருமணம். அன்றைய பிலிமின் வேகம் 100. இன்றைய காமிராவில் 6400 என்று வைத்தாலும் படம் வருகிறது, அதாவது அறுபத்துநான்கு மடங்கு. அப்போது வந்த புகைப்படக்காரருக்குப் பிளாஷ் விளக்கே கதி. தாலி கட்டும் படத்தில் நானும் என் மனைவியும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருக்கிறோம். எங்களுக்குப் பின்னே விளக்கேந்தி நின்ற என் தாயார் இருளில் இருக்கிறார். சேலைக் கரை மட்டும் தெரிகிறது. பிளாஷின் ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். நாங்கள் இரண்டு மீட்டரில் இருந்தோம். அம்மா நான்கு மீட்டரில் நின்றிருப்பார். எங்களுக்குக் கிடைத்ததில் கால் பங்கே அவருக்குக் கிடைத்தது. பௌதிகம் கற்பித்த எனக்கு அதன் காரணம் தெரியும். ஆயினும் அந்தப் படத்தை எடுக்கும்போதெல்லாம் மனம் சங்கடப்படவே செய்கிறது.

வேக லென்ஸ் இருந்தால் பிளாஷ் வேண்டாம். மண்டபத்தின் சொந்த வெளிச்சம் எல்லார்மீதும் படும். அம்மாவின் முகமும் தெரிந்திருக்கும் அல்லவா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. துளையை அகலத் திறந்தால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் இடைவெளி சுருங்கிவிடும். 36 மில்லிமீட்டர் அகல உணர்தகடு கொண்ட பெரிய காமிராவில், 85 மில்லிமீட்டர் லென்ஸை எப் 1.4-இல் திறந்து இரண்டு மீட்டரில் நின்று எடுத்தால், அந்த இடைவெளி நாலரை சென்டிமீட்டர். மணமகளின் கண் தெளிந்தால் காதுத் தோடு கலங்கும். 50 மில்லிமீட்டருக்கு அதே திறப்பில் பதின்மூன்று சென்டிமீட்டர். 35 மில்லிமீட்டரை எப் 2.8-இல் வைத்தால் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். பிளாஷ் என் தாயாரை இருளால் மறைத்தது. முழுக்கத் திறந்த வேக லென்ஸ் அவரை மங்கலால் மறைத்திருக்கும்.

இதை நான் சொன்னபோது மாணவர் முழுமையாக ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. பெங்களூரில் லென்ஸுகளை நாள் வாடகைக்குத் தருகிறார்கள்; ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். கடன் வாங்குவதற்கு முன் ஒரு முகூர்த்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் எடுத்த திருமணம் ஒரு மலைக்கோயிலின் சிறு மண்டபத்தில் நடந்தது. மணமக்களையும் இருபுறத்துச் சுற்றத்தாரையும் இரண்டு மீட்டர் அகலத்தில் அடக்க, 85 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஐந்து மீட்டர் பின்வாங்க வேண்டும். அவருக்குப் பின்னால் இரண்டரை மீட்டரில் தூண். தூணை ஒட்டி நாதஸ்வரக்காரர்! மணமகளின் தனிமுகம் ஓவியம்போல் வந்திருந்தது. அதை மறுக்க மாட்டேன். தாலி கட்டும் படத்தில் மணமகனின் கையும் பாதி முகமும் இருந்தன; முடிச்சிட்ட நாத்தனார் வெறும் நிறமாகத் தெரிந்தார்.

35 மில்லிமீட்டருக்கு இரண்டு மீட்டர் அகலத்தை அடக்க இரண்டு மீட்டர் பின்னடைந்தால் போதும். நம் எல்லைப் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். இங்கே ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளின் திருமணங்கள் நடக்கின்றன. தெலுங்கு வீட்டில் மணமக்களிடையே திரை பிடித்து, நல்ல வேளையில் ஒருவர் தலையில் மற்றவர் சீரகமும் வெல்லமும் வைப்பார்கள். பக்கவாட்டில் நின்றால் இரு முகங்களும் ஒரே தொலைவில் இருக்கும். எப் 2 கூடத் தாங்கும். கன்னட வீட்டில் தாரை வார்க்கும்போது பெற்றோர், மக்கள் எல்லாருடைய கைகளும் ஓரிடத்தில் குவியும், முகங்களோ முன்னும் பின்னுமாக நிற்கும், எப் 2.8 வேண்டும். சடங்கின் வரிசை தெரியாதவருக்கு எந்த லென்ஸும் உதவாது. புரோகிதரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எப் 2.8-இல் வைப்பதற்கு எப் 1.8 எதற்கு என்று கேட்கலாம். விளக்கொளி மட்டுமே உள்ள கணத்தில் திறக்க இடம் வேண்டும் அல்லவா? ஆனால் 1.8-இலிருந்து 1.4-க்குப் போனால் ஒளி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடும், விலையோ பன்மடங்கு. பிலிம் காலத்தில் அந்த ஒன்றரை மடங்கும் பெரிது. இன்று காமிராவே அதை ஈடுசெய்துவிடும். சிறிய உணர்தகடு உள்ள காமிராவில் 35 மில்லிமீட்டர், பெரியதில் 50 போலப் பார்க்கும். அத்தகைய காமிரா வைத்திருப்பவர்கள் 24 மில்லிமீட்டரை நாடலாம். கையில் பணமே இல்லாதவர்களுக்கு 50 மில்லிமீட்டர், எப் 1.8 வேக லென்ஸுகளில் மலிவானது. பழையது இன்னும் மலிவு. பழையது வாங்குவோர் கைவிளக்கைப் பின்புறமிருந்து பாய்ச்சி, உள்ளே நூல்நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாணவர் பழைய 35 மில்லிமீட்டர், எப் 1.8 ஒன்றைக் கடனின்றி வாங்கினார். பாகலூர்ப் பக்கம் ஒரு விடியற்காலை முகூர்த்தத்தில் எடுத்த படத்தை எனக்குக் காட்டி, "புள்ளி புள்ளியாக இருக்கிறதே, ஐயா" என்று குறைப்பட்டுக்கொண்டார். புள்ளிகள் இருந்தன. விளக்கேந்தி நின்ற மணமகளின் தாயாரும் இருந்தார். அவருக்குப் பின்னே நின்ற பாட்டியின் மூக்குத்திகூடச் சற்றே மங்கலாகத் தெரிந்தது. 85 மில்லிமீட்டரை அவர் இன்னும் வாங்கவில்லை. மணமகளின் தனிப்படம் வேண்டும் என்று கேட்கும் வீடுகளுக்கு மட்டும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வருகிறார். மறுநாள் ஷிப்டு முடிந்ததும் அத்திப்பள்ளி வழியே பேருந்தில் போய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.