மேசன்–டிக்சன் கோடு: அளந்து நட்ட எல்லையும் ஏற்றிச் சொன்ன எல்லையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடக்கையும் தெற்கையும் பிரிப்பது என்று உலகெங்கும் பேர்பெற்றுவிட்ட மேசன்–டிக்சன் கோடு, வரையப்பட்ட நாளில் வடக்கையோ தெற்கையோ, அடிமைமுறையையோ விடுதலையையோ மனத்தில் கொண்டு வரையப்பட்டதன்று. பென், கால்வெர்ட் என்ற இரண்டு நிலவுரிமைக் குடும்பங்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய எல்லைத் தகராற்றைத் தீர்த்துவைக்க, 1763 முதல் 1767 வரை இரண்டு ஆங்கிலேயர்கள் அளந்து கல் நட்ட சொத்தெல்லையே அது. பின்வந்த தலைமுறைகள் அக்கோட்டின் மேல் ஏற்றிய பொருளும் புனைந்த கதைகளும், அளந்தவர்களின் அரிய உழைப்பையும் அக்கோட்டைக் கடந்து தப்பியவர்களின் துணிவையும் ஒருசேர மறைத்து நிற்பதால், அளந்தது எது, ஏற்றிச் சொன்னது எது என்று பிரித்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

தகராற்றின் வேர் அரசப் பட்டயங்களில் இருக்கிறது. 1632ஆம் ஆண்டு முதலாம் சார்லஸ் மன்னர் மேரிலாந்துப் பகுதியைக் கால்வெர்ட் குடும்பத்துக்கு வழங்கியபோது அதன் வட எல்லை வட அட்சரேகை 40ஆம் பாகை என்று குறிக்கப்பட்டது. 1681ஆம் ஆண்டு இரண்டாம் சார்லஸ் மன்னர் பென்சில்வேனியாவை வில்லியம் பென்னுக்கு வழங்கியபோதோ, அதன் தென் எல்லை நியூகாசில் ஊரை மையமாகக் கொண்ட 12 மைல் ஆரமுள்ள வட்டத்திலிருந்து தொடங்கி அதே 40ஆம் பாகையை ஒட்டிச் செல்லும் என்று எழுதப்பட்டது. அந்த வட்டம் 40ஆம் பாகையை எட்டவே எட்டாது என்பதும், பென் நிறுவிய பிலடெல்பியா நகரமே அப்பாகைக்குத் தெற்கில் விழுகிறது என்பதும் பின்னர்தான் தெளிவாயின. நிலப்படத்தையே சரிவர அறியாத ஓர் அரசவை, கடலுக்கு அப்பாலிருந்த நிலத்தை எழுத்தாலேயே பங்கிட்டதன் விளைவு இது. அதன் சுமையைச் சுமந்தவர்கள் அங்கே உழுது வாழ்ந்த குடியானவர்கள். ஒரே வயலுக்கு இரண்டு அரசுகள் வரி கேட்டன, இரண்டு அரசுகளின் காவலர்களும் வந்து நின்றனர். 1730களில் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் அது ஆயுதச் சண்டையாகவே வெடித்தது. மேரிலாந்தின் ஆளாக நின்று சண்டையிட்ட தாமஸ் கிரெசாப் 1736இல் கைதாகிப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, மேரிலாந்தின் அழகிய ஊர்களில் இதுவும் ஒன்று என்று அந்நகரைப் பார்த்துச் சொன்னதாக ஒரு கதை இன்றளவும் வழங்குகிறது. இக்கோட்டைச் சூழ்ந்த கதைகளுள் மூத்தது அதுவே எனலாம்.

1732இல் ஓர் உடன்பாடும், 1750இல் லண்டன் சான்சரி நீதிமன்றத்தின் தீர்ப்பும் வந்த பிறகும், உள்ளூர் அளவையாளர்களால் எல்லையின் ஒரு பகுதியாக அந்த வட்டத்துக்குத் தொடுகோடு, அதாவது வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுச் செல்லும் நேர்கோடு, வரைய முடியவில்லை. ஆகவே இரு குடும்பங்களும் சார்லஸ் மேசன், ஜெரிமையா டிக்சன் ஆகிய இருவரையும் லண்டனில் அமர்த்தின. கிரீனிச் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த மேசனும், டர்ஹாம் பகுதியின் காக்பீல்டு ஊரைச் சேர்ந்த நில அளவையாளரான டிக்சனும் 1761இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்து சென்றதை நன்னம்பிக்கை முனையில் இணைந்து நோக்கியவர்கள். சுமத்ராவை நோக்கிப் புறப்பட்ட அவர்களது கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் தாக்கியதால் நேர்ந்த தாமதமே அவர்களை அம்முனையில் நிறுத்தியது. 1763 நவம்பரில் அவர்கள் பிலடெல்பியாவில் இறங்கினர்.

அவர்கள் கையாண்ட முறையைச் சற்று நின்று காண்பது தகும். நகரின் தென்கோடி வீட்டுச் சுவரின் அட்சரேகையை முதலில் கணித்து, அதற்கு 15 மைல் தெற்கே கோடு அமைய வேண்டும் என்பது உடன்பாடு. நேர் தெற்கே சென்றால் டெலவேர் ஆறு குறுக்கிடும் என்பதால், ஏறத்தாழ 31 மைல் மேற்கே பிராண்டிவைன் ஓடையருகே ஒரு பண்ணையில் அவர்கள் கூடாரமிட்டனர். ஜான் பேர்டு செய்த ஆறடி நீளத் தொலைநோக்கி அக்கூடாரத்தில் நிறுத்தப்பட்டது. தலைக்கு நேர்மேலே வரும் உச்சிப்புள்ளிக்கு அருகே குறிப்பிட்ட விண்மீன் கடக்கும்போது, தூக்குக்குண்டு தொங்கும் மெல்லிய கம்பிக்கும் தொலைநோக்கிக்கும் இடையே உள்ள சிறு கோணத்தை, கூடாரத் தரையில் மல்லாந்து படுத்தபடி அளந்து, அதிலிருந்து தாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையைப் பெற்றனர். இரவெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்நியர்களைக் கண்ட அக்கம்பக்கத்தார், அங்கே நட்ட கல்லுக்கு விண்மீன் நோக்கிகளின் கல் என்றே பெயரிட்டுவிட்டனர். அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அட்சரேகை என்பது நேர்கோடு அன்று. புவியின் மேல் வளைந்து செல்வது. ஆகவே அவர்கள் பதினொரு மைல்களுக்கு மேல் நீளும் பெருவட்டத் துண்டுகளை, அதாவது புவிப்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழிகளை, ஒவ்வொன்றாக வகுத்து, முடிவில் மீண்டும் விண்மீன்களைப் பார்த்து, விலகலைக் கணக்கிட்டுத் திருத்திச் சென்றனர். 66 அடியும் 100 கண்ணிகளும் கொண்ட கன்டர் சங்கிலி தரையை அளந்தது. கோடாரி ஏந்தியவர்கள் முன்னே சென்று காட்டில் அகன்ற பாதை வெட்டினர். இன்றைய செயற்கைக்கோள் அளவைகள் சில இடங்களில் நூற்றுக்கணக்கான அடி பிழை இருப்பதைக் காட்டுகின்றன. அது அவர்களுடைய கவனக்குறைவால் நேர்ந்ததன்று. மலைகளும் பூமிக்குள் அடர்த்தி மாறும் பாறைகளும் தூக்குக்குண்டைத் தம்பக்கம் சிறிது இழுத்துவிடும். அலெகெனி மலைத்தொடரின் ஈர்ப்பு இவ்வாறு குறுக்கிட்டிருக்கக் கூடும் என்பதை அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷ் பின்னர் எடுத்துக்காட்டினார். அதே ஈர்ப்பை அளந்து புவியின் அடர்த்தியைக் கணிப்பதற்கு ஏற்ற மலையைத் தேடி 1773இல் ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டவர் மேசனே என்பதும், அவர் சுட்டிய ஷிஹாலியன் மலையிலேயே மறு ஆண்டு அச்சோதனை நடந்தது என்பதும் அறிவியல் வரலாற்றில் இக்கோடு ஈன்ற பெரும்பயன்.

மண்ணின் முதற்குடிகளை அப்பட்டயங்களோ தீர்ப்புகளோ கேட்கவில்லை. மேசனும் டிக்சனும் வந்திறங்கிய அடுத்த மாதமே, லங்காஸ்டர் பகுதியில் வாழ்ந்த கோனெஸ்டோகாக் குடியினர் இருபது பேரை வெள்ளையர் கும்பலொன்று வெட்டிக் கொன்றது. 1765 சனவரியில் மேசன் அவ்விடத்தை நேரில் சென்று பார்த்தார். 1767இல் மேற்கே முன்னேறுவதற்கு ஆறு குடிகளின் கூட்டமைப்பான இரோக்குவாக்களின் இசைவு வேண்டியிருந்தது; அவர்கள் அனுப்பிய துணைவர்களோடு அளவை தொடர்ந்தது. அக்டோபர் 9ஆம் நாள், டங்கார்டு ஓடையருகே ஒரு போர்ப்பாதை குறுக்கிட்ட இடத்தில், இதற்கு அப்பால் வருவதற்கில்லை என்று அத்துணைவர்கள் நின்றுவிட்டனர். ஏறத்தாழ 233 மைல் மேற்கே வந்திருந்த கோடும் அங்கேயே நின்றது; எஞ்சிய பகுதி அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின், 1784இல்தான் முடிந்தது.

மைலுக்கொன்றாக நடப்பட்ட சுண்ணாம்புக் கற்கள் இங்கிலாந்தில் செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. ஒருபக்கம் மேரிலாந்தின் முதலெழுத்தும் மறுபக்கம் பென்சில்வேனியாவின் முதலெழுத்தும், ஐந்தாவது மைல்தோறும் இரு குடும்பங்களின் மரபுச்சின்னங்களும் அவற்றில் பொறிக்கப்பட்டன. சைட்லிங் மலைக்கு அப்பால் கற்களைக் கொண்டுசெல்ல வழியில்லாமையால் மண்மேடுகளே எல்லைக் குறிகளாயின. பின்னாளில் சில கற்கள் பெயர்க்கப்பட்டு வீட்டு வாசற்படிகளாகவும் மாறின.

இனி ஏற்றிச் சொன்ன பொருளுக்கு வரலாம். கோடு அளக்கப்பட்ட ஆண்டுகளில் அதன் இருபுறமும் அடிமைமுறை சட்டப்படி நிலவியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1780இல் பென்சில்வேனியா சட்டமன்றம் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியபோதுதான் அக்கோட்டுக்குப் புதுப்பொருள் பிறந்தது. அச்சட்டமும் அதன்பின் பிறக்கும் குழந்தைகளையே விடுவித்தது, அதுவும் 28 வயது வரை பணிசெய்த பின்னரே. எஞ்சியோர் முழுமையாக விடுபட 1847 வரை ஆயிற்று. 1820இன் மிசூரி உடன்படிக்கை விவாதங்களுக்குப் பிறகே இக்கோட்டின் பெயர் வடக்கு–தெற்குப் பிளவுக்கு அடையாளமாகப் பரவியது. அடிமைமுறைக்கு அவ்வுடன்படிக்கை வகுத்த எல்லையோ வெகுதொலைவில், 36 பாகை 30 கலையில் இருந்தது. மேலும் மேசன்–டிக்சன் கோட்டின் வடதெற்குப் பகுதி மேரிலாந்துக்கும் டெலவேருக்கும் இடையே செல்கிறது; அங்கே இருபுறமும் அடிமை மாநிலங்களே. ஆகவே இக்கோடு விடுதலையின் எல்லை என்ற பொதுநம்பிக்கை பாதிதான் உண்மை.

கதைகள் இந்நுட்பங்களைப் பொருட்படுத்துவதில்லை. பால்டிமோரில் ஓர் அடிமைப் பெண்ணை அடித்தவனின் சாட்டையைப் பிடுங்கி, டிக்சன் அவனையே அடித்து, அச்சாட்டையைத் தம் ஊருக்குக் கொண்டுபோனார் என்ற கதை குடும்ப வழிவழியாக வந்தது. தென்மாநிலங்களைக் குறிக்கும் டிக்சி என்ற பெயர் டிக்சனிடமிருந்து வந்ததென்பார் உளர், லூசியானா வங்கியின் பத்து டாலர் தாளிலிருந்து வந்ததென்பாரும் உளர், எதுவும் நிறுவப்படவில்லை. இக்கதைகளைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. வரி வசூலுக்காக வரைந்த கோட்டிலும் ஓர் அறத்தைத் தேடிய மக்களின் விருப்பம் அவற்றில் தெரிகிறது.

ஆனால் அக்கோட்டுக்கு அறம் தந்தவர்கள் அதைத் தம் கால்களால் கடந்தவர்களே. 1849இல் மேரிலாந்திலிருந்து தப்பிப் பென்சில்வேனியாவை அடைந்த ஹாரியட் டப்மன், தாம் மட்டும் பிழைத்தால் போதும் என்றிராமல் மீண்டும் மீண்டும் தெற்கே சென்று, ஏறத்தாழ எழுபது பேரை மீட்டு வந்தார். 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம், கோட்டுக்கு வடக்கே வந்தவர்களையும் பிடித்துச்செல்ல உரிமையாளருக்கு வழிவகுத்தது. மறு ஆண்டு செப்டம்பரில், தப்பிய நால்வரைத் தேடி மேரிலாந்திலிருந்து வந்த எட்வர்டு கோர்சச், பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா ஊரில் அவர்களுக்கு அடைக்கலம் தந்த வில்லியம் பார்க்கரின் வீட்டை முற்றுகையிட்டபோது, அங்கு கூடிய கறுப்பின மக்கள் எதிர்த்து நின்றனர், கோர்சச் உயிரிழந்தார். முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது அரசத்துரோக வழக்குப் போடப்பட்டது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆதலின் இவ்வவையில் அமர்ந்துள்ள ஆசிரியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மேசன்–டிக்சன் கோட்டைப் பற்றிச் சொல்லும்போது அந்த இருவரின் பெயரோடு நிறுத்திவிடாமல், 1780ஆம் ஆண்டுச் சட்டத்தையும், டங்கார்டு ஓடைக்கரையில் நின்றுவிட்ட இரோக்குவாக்களையும், ஹாரியட் டப்மனையும் வில்லியம் பார்க்கரையும் சேர்த்தே சொல்லுங்கள்.