சாவி யார் கையில்?

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை மரியாயின் சேனை சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சேனையின் பணிகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறார்கள். நோயாளர் சந்திப்பு, வீடு சந்திப்பு இவற்றின் கணக்கெல்லாம் யூபிலி மலரில் அறிக்கையாக வருகிறது. அதை இங்கே வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டோம். சேனை முதன்முதலில் நடத்திய இல்லம் யாருக்காக என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறோம். வாரந்தோறும் தெசேரா சொல்லும் எங்களுக்கே அது வெகு காலம் தெரியாது.

1921 செப்டம்பரில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் என்னும் அரசாங்க ஊழியரும் ஒரு குருவும் சில பெண்களும் சேர்ந்து சேனையைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே அப்பெண்கள், உடலை விற்றுப் பிழைத்த பெண்கள் தங்கியிருந்த விடுதிகளின் படியேறினார்கள். விலைமாதர் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களுக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, இனி நாமும் சொல்ல வேண்டாம். அவர்களை ஒரு மடத்திற்கு அழைத்துச் சென்று மூன்று நாள் தியானம் கொடுப்பதென்று ஏற்பாடு. 20க்கு மேற்பட்டவர்கள் வரச் சம்மதித்தார்கள். அப்போதுதான் பெரியதொரு கேள்வி எழுந்தது. தியானம் முடிந்த அன்று இரவு இவர்கள் எங்கே படுப்பார்கள்? அவர்களுக்கு இருந்த ஒரே கட்டில் அந்த விடுதியில்தான் இருந்தது.

1922 ஜூலை மாதம் அது. உள்நாட்டுப் போரில் நகரின் நடுப்பகுதி எரிந்து அடங்கிய நாட்கள். அந்த நேரத்தில் டஃப் உள்ளாட்சி அமைச்சர் காஸ்கிரேவிடம் போய் வீடு கேட்டார். ஹார்கோர்ட் தெருவில் 76ஆம் எண் வீடு கிடைத்தது. அதற்குச் சாந்தா மரியா இல்லம் என்று பெயரிட்டார்கள். சேனையின் சகோதரிகளே அதில் தங்கிப் பார்த்துக்கொண்டார்கள். வந்தவள் வேண்டுமானால் போகலாம். போனவள் மறுபடி வந்து நின்றால் அப்போதும் இடம் உண்டு.

1925 மார்ச்சில் மாண்டோ என்ற அந்நகரின் பெரிய விடுதிப் பகுதியைப் போலீசார் சுற்றி வளைத்து ஏறத்தாழ 120 பேரைக் கைது செய்தார்கள். சேனையின் சரித்திரத்தில் இதை வெற்றியாகவே எழுதுவார்கள். அந்த வீடுகளை நடத்திய எசமானிகள் துணிக்கும் வாடகைக்கும் கடன் எழுதிப் பெண்களைக் கட்டிப்போட்டிருந்தது உண்மையே. ஆயினும் பூட்டப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் சிலருடைய படுக்கையும் இருந்தது. அன்றிரவு அவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் எழுதி வைத்ததாக நாங்கள் வாசித்ததில்லை.

இன்னொரு விதமான வீடும் அதே நகரில் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மதலேன் சலவைக் கூடங்கள் என்று பெயர். நடத்தியவர்கள் நம் திருச்சபையின் கன்னியர். 1922 முதல் 1996 வரை ஏறத்தாழ 10,000 பெண்கள் அயர்லாந்தில் அவற்றினுள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் இத்தொழில் செய்தவர்களே அல்லர். ஏழைப் பெண்கள், தாயில்லாப் பெண்கள், மணமாகாமல் பிள்ளை பெற்றவர்கள். கூலியின்றித் துணி வெளுத்தார்கள். பலருக்குப் பெயரையே மாற்றினார்கள். கதவுக்கு வெளியே பூட்டு. 2013 பிப்ரவரியில் அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். கடைசியாக மூடப்பட்ட கூடம் அந்தப் பழைய மாண்டோ பகுதியிலேயே இருந்தது. அடைக்கலம் என்று இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

அயர்லாந்து இருக்கட்டும். நம் தெருவுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண், வயதான தாயோடும் பள்ளிக்குப் போகும் மகளோடும் நம் பங்கில் வாடகைக்கு வந்தாள். அவள் தொழில் இன்னதென்று பேச்சுக் கிளம்பிற்று. வீட்டில் யாரும் வந்து போனதில்லை, வேலையெல்லாம் வெளியே. இருந்தும் தெருவார் மனு எழுதினார்கள். அதில் எங்கள் பிரசீடியத்தில் நால்வருடைய கையெழுத்தும் இருந்தது. வீட்டுக்காரர் பயந்துபோய் இரண்டு நாள் தவணை கொடுத்தார். அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். மழையில் ஆட்டோவில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அவள் போனதை நாங்கள் சன்னலிலிருந்து பார்த்தோம். அன்று மாலையும் எங்கள் கூட்டம் வழக்கம்போல் நடந்தது.

பின்னர் ஒரு நாள் எங்களில் ஒருவர் அவளைப் பேருந்து நிலையத்தில் கண்டார். அவள் கோபிக்கவில்லை. “அக்கா, இப்ப லாட்ஜுலதான் இருக்கோம். அன்னன்னைக்கு ரூமுக்குப் பணம் கட்டணும். சொந்தமாப் பூட்டுற கதவு இருந்தப்ப, குடிச்சிட்டு வர்றவனை வேண்டாம்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துருவேன். இப்ப அப்படிச் சொன்னா ராத்திரிக்கு அம்மா தெருவுலதான் படுக்கணும்,” என்றாள். மகள் பள்ளிக்குப் போகிறாளா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

இந்தத் தொழிலை விட்டுவிடு என்று புத்தி சொல்ல நமக்கு எளிது. விடுவதற்கு முன்னே இரவு தங்க ஓர் இடம் வேண்டுமே! அந்த இடத்தைத்தான் நாம் பறித்தோம்.

சட்டமும் இவ்விஷயத்தில் முள்போல் நிற்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதி நடத்துவதும், தெரிந்தே அதற்கு வீடு கொடுப்பதும் குற்றம். இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் ஆதாயத்திற்காக ஒரே வீட்டில் தொழில் செய்தாலும் அது விடுதி என்றே கொள்ளப்படும். ஆகவே ஒருவருக்கொருவர் காவலாக இருக்க முடியாது. அவள் சம்பாத்தியத்தில் சாப்பிடும் மகன் பதினெட்டு வயதைக் கடந்துவிட்டால் அவன்மேலும் வழக்கு வரலாம். வீட்டுக்காரர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. அஞ்சாதவர்கள் இரட்டை வாடகை கேட்கிறார்கள். வாடகைப் பத்திரம் மட்டும் எழுதித் தரமாட்டார்கள். பத்திரமில்லையேல் முகவரி இல்லை. முகவரி இல்லாதவளுக்கு ரேஷன் கார்டு எங்கிருந்து வரும்?

2022 மே 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயது வந்த பெண் தானாக இத்தொழில் செய்வது குற்றமல்ல, சோதனையின்போது அவளைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்று பணித்தது. எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி சான்றளித்தால், முகவரிச் சான்று இல்லாமலே ஆதார் அட்டை கொடுக்கவும் சொன்னது. அட்டையில் தொழிலைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எதுவும் இருக்கலாகாது. நல்லது. ஆனால் எந்த நீதிமன்றமும் நம் தெருவில் வீடு பிடித்துத் தராது.

இப்போது எங்கள் விண்ணப்பம். கோவிலுக்குப் பின்னாலுள்ள பழைய உபதேசியார் வீட்டின் மூன்று அறைகள், புது வீடு கட்டியதிலிருந்து சும்மா கிடக்கின்றன. கிழிந்த பந்தல் துணியும் உடைந்த பெஞ்சுகளும் அங்கே குடியிருக்கின்றன. அவற்றைக் காலி செய்து, இப்படிப்பட்ட மூன்று குடும்பங்களுக்குக் கட்டக்கூடிய வாடகையில், அவரவர் பெயரில் பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டுகிறோம். குடியிருக்க வீடு கொடுப்பது குற்றமல்ல என்று நம் பங்கைச் சேர்ந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டறிந்தோம். செபக் கூட்டத்திற்கு வரவேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாம். சாவி அவர்களிடமே இருக்கட்டும். மறு சாவி நம்மிடம் வேண்டாம். இதைச் சேனைக்குள்ளேயே சிலர் ஏற்கவில்லை. பெண் பிள்ளைகள் மறைக்கல்விக்கு வந்து போகும் வளாகமாயிற்றே என்கிறார்கள். அந்தப் பெண்ணின் மகளும் மறைக்கல்விக்கு வந்தவள்தான் என்று பதில் சொன்னோம். அவர்கள் மனம் இன்னும் ஆறவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை.

பங்குப் பேரவை வருகிற ஞாயிறு முதல் பூசைக்குப் பின் இதைப் பேசுகிறது. ஒரு பக்கம் ஓடு மாற்ற வேண்டியிருக்கிறது. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. கொத்தனாரும் தச்சரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்திற்கு முன் ஒரு முறை வந்து பார்த்து, செலவு எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுத்தால் உதவியாயிருக்கும்.