தப்பிய மீனின் கணக்கு



அலாஸ்காவின் தென்மேற்கில் பிரிஸ்டல் வளைகுடா என்றொரு கடற்பகுதி இருக்கிறது. ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை பாதிவரை அங்கே இரவு பகல் பார்க்காமல் வலை விழும். சாக்கை என்ற சால்மன் இனம், தான் பிறந்த ஆற்றைத் தேடிக் கடலிலிருந்து திரும்பும் நாட்கள் அவை. 2022-இல் ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம் மீன்கள் திரும்பி வந்தன. அவற்றில் சுமார் 6 கோடி பிடிபட்டன.  

பிடிபடாமல் ஆற்றில் ஏறும் மீன்களை அங்கே எண்ணுகிறார்கள். கரையில் உயரமாக மேடை கட்டி, ஒருவர் அதில் நின்று, மணிக்குப் பத்து நிமிடம், தெளிந்த நீரில் போகும் மீன்களை எண்ணுவார். அதை ஆறால் பெருக்கினால் அந்த மணிக்கான கணக்கு வந்துவிடும். இப்படி எண்ணப்படும் மீன்களுக்கு மீன்வளத் துறையினர் வைத்திருக்கும் பெயர், 'தப்பியவை'. எத்தனை தப்பின என்பதைப் பார்த்துத்தான் வலை வீச அனுமதி தருவதும் நிறுத்துவதும்.

அந்தப் பெயர்தான் எனக்கு உறுத்துகிறது.

அங்கே வீசும் செவுள் வலை தண்ணீருக்குள் திரைச்சீலை மாதிரித் தொங்கும். மீனின் தலை வலைக்கண்ணுக்குள் நுழையும், உடம்பு நுழையாது. பின்வாங்கினால் நூல் செவுளில் மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் மெலிந்த மீன் திமிறித் திமிறி அந்தப் பக்கம் போய்விடும். சில, வலையை இழுக்கும்போது நழுவி விழும். உயிர் பிழைத்தது உண்மைதான். ஆனால் நூல் இறுக்கிய இடத்தில் செதில் உரிந்து, வழவழப்பு போய், உடம்பைச் சுற்றி ஒரு வடு விழுந்திருக்கும்.

கடல் மீனுக்கு அந்த வழவழப்பும் செதிலும் மதில் மாதிரி. கடலில் இருக்கும்வரை உடம்பிலுள்ள நீர் வெளியே போகப் பார்க்கும். ஆற்றுக்குள் வந்ததும் எல்லாம் தலைகீழாகி, நீர் உள்ளே புகும், உப்பு வெளியே கசியும். மதில் இடிந்த மீனுக்கு இது இரட்டைப் பாடு. காயத்தில் சப்ரோலெக்னியா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர், பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் படரும். காயம் ஆற உடம்பில் தெம்பு வேண்டாமா? ஆற்றில் ஏறிய சால்மன் இரை எடுப்பதை நிறுத்திவிடும். கடலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் நீந்துவது, சினையை முதிர வைப்பது, ஆணானால் சண்டை போடுவது எல்லாம். முட்டையிட்டதும் சாகப் போகிற மீன் அது. அதன் கையிருப்பில் மருத்துவச் செலவுக்கு இடமில்லை.

பிரிஸ்டல் வளைகுடாவில் நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. முட்டையிடும் ஓடை வரைக்கும் வந்து சேர்ந்த மீன்களிலேயே 11 முதல் 29 சதவீதத்தின் உடம்பில் வலைத் தழும்பு இருந்தது. காயத்தோடு வந்தவற்றில் பாதிக்கு மேல் இனப்பெருக்கம் செய்யவில்லை. ஒரு பெண் சாக்கையின் வயிற்றில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். வாலால் கூழாங்கற்களைத் தள்ளிக் குழி பறித்தால்தான் அவற்றை இட முடியும். அந்தத் தெம்பு இல்லாமல் செத்துப்போன மீனை அறுத்துப் பார்த்தால், சினை அப்படியே இருக்கும்.

மீன்பிடிப்பையே நிறுத்து என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் நன்றாக நிர்வகிக்கப்படும் மீன்பிடிப்புகளில் பிரிஸ்டல் வளைகுடாவினதும் ஒன்று. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் சிறிய கண் வைத்த வலையால் மீனை வாய்ப்பக்கம் மட்டும் சிக்கவைத்து, வேண்டாததை உயிரோடு விடும் முறை உண்டு. சில வாரத்தில் கோடிக்கணக்கில் பிடிக்கும் இடத்தில் அது எடுபடாது. மேடையில் எண்ணிய 'தப்பியவை'யில் இந்தக் காயம்பட்டவையும் சேர்ந்திருக்கின்றன. அவற்றின் பங்கு எல்லா ஆண்டும் ஒரே அளவாக இருந்தால், கணக்கில் அது பழகிய பிழையாகிவிடும், பெரிய கேடில்லை. அந்த ஆய்விலோ 11 எங்கே, 29 எங்கே! அதுதான் சிக்கல்.

மேடையில் நிற்பவருக்கு மீனின் முதுகு தெரியும், விலாவிலுள்ள நூல் வடு தெரியாது. அதைப் பார்க்க, சில வாரம் கழித்து ஓடையோடு நடந்து, செத்த மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். அப்படி நடப்பவர்கள் பழுப்புக் கரடிகளுக்கு வழிவிட்டுத்தான் நடக்கிறார்கள். கரடிக்குத் தழும்புள்ள மீனும் ஒன்றுதான், தழும்பில்லாததும் ஒன்றுதான்.