தாத்தாவோட பைனாகுலர்

போன எபிசோடுல ஊர் வீட்டைக் காலி பண்ணின கதை சொன்னேன்ல, அதுல ஒரு விஷயத்தை வேணும்னே விட்டுட்டேன். இன்னைக்கு அது.

பரண்ல, பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னாடி ஒரு கறுப்புத் தோல் பெட்டி இருந்துச்சு. திறக்காமலேயே தெரிஞ்சுபோச்சு. தாத்தா பர்மா பஜார்ல வாங்கின பைனாகுலர். மேல 'டென்டோ'ன்னு இருக்கும். சோவியத் யூனியன் ஏற்றுமதிக்கு வச்சிருந்த பேரு அது. சீரியல் நம்பர் 82-ல ஆரம்பிக்குது. அந்தக் காலத்து சோவியத் லென்ஸ்கள்ல பெரும்பாலும் முதல் ரெண்டு இலக்கம்தான் தயாரிச்ச வருஷம். 8 × 30 மாடல். எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன்பக்க லென்ஸ் 30 மில்லிமீட்டர். எதைப் பார்த்தாலும் லேசா மஞ்சள் பூசின மாதிரி இருக்கும். என் சின்ன வயசு வேடந்தாங்கல் முழுக்க அந்த மஞ்சள்லதான் ஞாபகம் இருக்கு. நத்தைக்குத்தி நாரைகூட மஞ்சள்தான்.

அந்த வேடந்தாங்கல்லதான், பத்து வயசுல, வாட்ச் டவர் படிக்கட்டுல அதைக் கீழ போட்டேன். எடுத்துப் பார்த்தா ஒரு கூழைக்கடா ரெண்டாத் தெரியுது.

இது ஏன்னு இப்போ தெரியும். உள்ள ஒவ்வொரு குழாய்லயும் ரெண்டு ப்ரிஸம். தலைகீழா விழுற பிம்பத்தை நிமிர்த்துறது அதுங்கதான். அடிபட்டு ஒண்ணு ஒரு நூல் நகர்ந்தாலும் ரெண்டு குழாயும் வேற வேற திசையைப் பார்க்கும், மூளையால சேர்க்க முடியாது. அப்போ தெரிஞ்சது ஒண்ணுதான்: நான் உடைச்சுட்டேன். பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டு வாயே திறக்கலை. அடுத்த வருஷம் தாத்தா கூப்பிட்டப்போ பரீட்சைன்னேன். அதுக்கடுத்த வருஷம் டியூஷன். அப்புறம் அவர் கூப்பிடலை.

இப்போ பெட்டியைத் திறந்தா, இடது பக்க லென்ஸ் மேல வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருக்கு. காயத்துக்குப் போடுவோமே, அதே பிளாஸ்டர், வட்டமா வெட்டினது.

பாட்டிகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன்.

"ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு அவர்தான்டா ஒட்டினார். அப்படியே ஒத்தைக் கண்ணால பார்த்துண்டு இருப்பார். எப்படி ஆச்சுன்னு கேட்டேன், சொல்லலை."

நானும் அப்போகூட பாட்டிகிட்ட சொல்லலை. ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னேன். "தெரியும் போ"ன்னாங்க.

பழைய கேமரா ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்கிட்ட கொண்டுபோனேன். லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிருக்கு, சென்னை ஈரத்துக்கு இது சகஜம், துடைச்சிடலாம், ப்ரிஸத்தையும் நேராக்கிடலாம்னார். "பிளாஸ்டரை எடுத்துடவா?"ன்னு கேட்டார். அடுத்த வாரம் வரேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ல முழங்கையை ஊன்றி, வலது கண்ணால மட்டும் வியாழனைப் பார்த்தேன். பக்கத்துல வரிசையா மூணு புள்ளி, அதோட நிலாக்கள். கலிலியோ 1610-ல பார்த்தாரே, அதுங்கதான். நாலாவதைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கலை.

சனிக்கிழமை கடைக்குப் போறேன். பிளாஸ்டரை நானே உரிச்சு, பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டிட்டேன். டிசம்பர்ல வேடந்தாங்கல். பாட்டியும் வர்றாங்களாம், முட்டி வலியோட. டவர் ஏற மாட்டாங்க, கீழ உட்கார்ந்து பார்ப்பாங்க.