நீலப் பெட்டியின் முதல்நூலும் வழிநூலும்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியில் உலகம் உறைந்திருந்த வேளை. பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சி அன்று ஒரு புதிய தொடரைத் தொடங்கியது. லண்டன் தெருக்களில் காவல்துறையை அழைப்பதற்காக வைத்திருந்த நீலப் பெட்டிகளைப் போல ஒரு பெட்டி. கதவைத் திறந்து உள்ளே போனால், வெளியே தெரிந்ததைவிடப் பல மடங்கு பெரிய கூடம். அந்தப் பெட்டியைக் காலத்திலும் அண்டவெளியிலும் ஓட்டிச் செல்லும், தன் பெயரைச் சொல்லாமல் ‘டாக்டர்’ என்றே அறியப்படும் ஒரு முதியவர். அதுதான் ‘டாக்டர் ஹூ’. அதைத் தயாரித்த வெரிட்டி லாம்பெர்ட் அப்போது இருபதுகளில் இருந்தார். முதல் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் லக்னோவில் பிறந்தவர். 26 பருவங்கள் ஓடி 1989-இல் நின்றுபோன அந்தத் தொடர், 2005 மார்ச் 26 அன்று திரும்பி வந்தது. வந்த முதல் பகுதியையே பிரிட்டனில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அன்றிலிருந்து நெடுநாள் ரசிகர்களுக்குள் ஒரு வழக்கு நடக்கிறது: பழையதா, புதியதா, எது உண்மையான டாக்டர் ஹூ? அந்த வழக்கை எந்த அளவுகோல் கொண்டு தீர்ப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெரும்பாலும் இந்த ஒப்பீடு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். புதியதை விரும்புவோர், பழைய தொடரின் ஆடும் அட்டைச் சுவர்களையும் ரப்பர் உடை போட்ட அசுரர்களையும் சுட்டிக்காட்டுகிறார்கள். பழையதை விரும்புவோர், புதிய தொடரின் ஓயாத பின்னணி இசையையும் கண்ணீரையும் காதலையும் குறை சொல்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் இவை உடுப்பைப் பற்றிய பேச்சு. உள்ளே இருக்கும் ஆளைப் பற்றியது இல்லை. தமிழில் இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கும் நன்னூல், வழிநூலுக்கு இலக்கணம் சொல்லும்போது இரண்டு கடமைகளை ஒருசேர வைக்கிறது. முன்னோர் கண்ட முடிபோடு அது ஒத்துப்போக வேண்டும். பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் அது சொல்ல வேண்டும். வேறுபாடே இல்லாதது வெறும் படி. ஒப்பே இல்லாதது வேறொரு நூல். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. முதல் தொடர் எழுப்பிவிட்டுப் போன கேள்விகளைப் புதிய தொடர் கையில் எடுத்து, ஓர் அடியாவது முன்னே கொண்டுபோகிறதா? சிறந்த தருணங்களில் கொண்டுபோகிறது என்பதே என் வாதம். அதற்கு மூன்று சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் சான்று, 1964-இல் வந்த ‘தி அஸ்டெக்ஸ்’. டாக்டரோடு பயணம் செய்யும் பார்பரா ஒரு வரலாற்று ஆசிரியை. பண்டைய மெக்சிகோவில் மக்கள் அவரைத் தெய்வத்தின் மறுபிறவி என்று நம்பிவிடுகிறார்கள். கிடைத்த அந்த அதிகாரத்தைக் கொண்டு நரபலியை நிறுத்திவிட்டால், இந்த நாகரிகம் அழியாமல் நிற்கும் என்று பார்பரா எண்ணுகிறார். வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று டாக்டர் தடுக்கிறார். பார்பரா தோற்கிறார். கடைசியில் டாக்டர் சொல்லும் ஆறுதல், ஒரு நாகரிகத்தைக் காக்க முடியாவிட்டாலும் ஒரு மனிதருக்கு உதவ முடிந்ததே என்பதுதான். இப்போது 2008-இல் வந்த ‘தி ஃபயர்ஸ் ஆஃப் பாம்பேய்’ பகுதிக்கு வாருங்கள். எரிமலை வெடிப்பதற்கு முந்தைய நாள், ரோமானிய நகரமான பாம்பேய். அங்கேயும் அதே சட்டம்: நடந்தது நடந்தே தீர வேண்டும். ஆனால் இம்முறை அந்த எரிமலையை வெடிக்க வைக்கும் விசையை டாக்டரே அழுத்த வேண்டியிருக்கிறது. உடன் வந்த டோனா தன் கையையும் அதில் சேர்த்து வைக்கிறார். பிறகு அழுதுகொண்டே கேட்கிறார்: நகரம் முழுவதும் வேண்டாம், யாராவது ஒருவரையாவது காப்பாற்றுங்கள். டாக்டர் திரும்பிப் போய் ஒரு குடும்பத்தை மீட்கிறார். பழைய கதையின் முடிபை இந்தக் கதை மறுக்கவில்லை. வரலாறு அப்படியே நிற்கிறது. பழைய கதையில் ஆறுதலாக வந்த அந்த ‘ஒரு மனிதர்’, இங்கே கடமையாகிவிடுகிறார். வழிநூல் என்றால் இதுதான்.

இரண்டாவது சான்று, சாரா ஜேன் ஸ்மித் என்ற பாத்திரம். எலிசபெத் ஸ்லேடன் நடித்த இந்தப் பத்திரிகையாளரைப் பழைய ரசிகர்கள் இன்றும் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். 1976-இல் டாக்டருக்குத் தாய்க்கிரகமான கேலிஃப்ரேயிலிருந்து அழைப்பு வருகிறது. மனிதர்களை அங்கே அழைத்துப்போக முடியாது. சாரா ஜேனைப் பூமியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். அழகான, அடக்கமான பிரிவு அது. அதற்குப் பின் அவர் என்ன ஆனார் என்று அன்றைய தொடர் நின்று யோசிக்கவில்லை. அடுத்த வாரம் அடுத்த சாகசம். அதுதான் அதன் இலக்கணம். 2006-இல் ‘ஸ்கூல் ரியூனியன்’ பகுதியில் அதே ஸ்லேடன், அதே பாத்திரமாக, முப்பது ஆண்டு மூப்போடு திரும்பி வந்து, ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று டாக்டரைக் கேட்கிறார். அந்தக் கேள்வி ஒரு டாக்டரிடம் மட்டும் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தோழர்களை ஏற்றிக்கொண்டு, வேண்டியபோது இறக்கிவிட்டுப் போன 26 பருவங்களைப் பார்த்தும் கேட்ட கேள்வி அது. பழைய பிரிவைப் பார்த்து அதன் அடக்கத்தை நேசித்தவருக்குத்தான் இந்தச் சந்திப்பின் முழு எடையும் தெரியும். புதிதாக வந்தவர் ஒரு நல்ல காட்சியைப் பார்க்கிறார். பழையவரோ முப்பது ஆண்டாகத் திறந்து கிடந்த ஒரு கடிதத்துக்குப் பதில் வந்ததைப் பார்க்கிறார்.

மூன்றாவது சான்று எல்லாவற்றிலும் கனமானது. 1975-இல் ஆறு பகுதிகளாக வந்த ‘ஜெனிசிஸ் ஆஃப் த டேலெக்ஸ்’ கதையில், பிற உயிர்களை அழிப்பதையே நோக்கமாகக் கொண்ட டேலெக்குகள் உருவாகும் காலத்துக்கே டாக்டர் அனுப்பப்படுகிறார். இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டால் அந்த இனம் முளையிலேயே அழியும். டாம் பேக்கர் நடித்த டாக்டர் கம்பிகளைக் கையில் பிடித்தபடி தயங்குகிறார். ஓர் இனத்தையே அழிக்க எனக்கு உரிமை உண்டா, அழித்தால் நானும் அவர்களைப் போலத்தானே என்கிறார். அவர் முடிவெடுக்கும் முன் வேறொரு செய்தி வந்துவிடுகிறது. கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. 2005-இல் வந்த புதிய டாக்டர், ஒரு பெரும்போரில் டேலெக்குகளோடு தன் இனத்தையும் அழித்துவிட்டதாக நம்பி வாழ்பவர். அதாவது, கம்பிகளைத் தொட்டுவிட்ட மனிதர். அந்தப் பருவத்தின் இறுதியில் அதே தேர்வு மறுபடி வருகிறது. டேலெக்குகளை அழிக்கலாம், ஆனால் பூமியின் மக்களும் சேர்ந்து அழிவார்கள். கொலைகாரனா, கோழையா என்று எதிரி கேட்கும்போது, கோழையாகவே இருந்துவிடுகிறேன் என்று கையை எடுத்துக்கொள்கிறார். 2013-இல் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக் கதை, அவர் தன் இனத்தை அழித்த அந்த நாளுக்கே திரும்பிப் போய் வேறு வழி தேடுகிறது. 1975-இல் விழுந்த ஒரு கேள்வி, 38 ஆண்டுகள் கழித்து வந்த கதையையும் இயக்குகிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். பழைய ரசிகர்கள் சொல்லும் வலுவான மறுப்பு, அவகாசம் போய்விட்டது என்பது. பழைய கதைகள் பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு பகுதிகள். ஒவ்வொன்றும் 25 நிமிடம். ஆபத்தின் உச்சியில் ‘தொடரும்’ என்று நிறுத்திவிட்டு ஒரு வாரம் காக்க வைத்தார்கள். ஓர் உலகத்தைச் சுற்றிப் பார்க்க, அதன் அரசியலைப் புரிந்துகொள்ள, ஒரு வில்லனின் அறிவை அருகிலிருந்து கேட்க நேரம் இருந்தது. புதிய தொடர் பெரும்பாலும் 45 நிமிடத்துக்குள் வந்து, கண்டு, வென்று, கிளம்பிவிடுகிறது. இந்த இழப்பு உண்மையானது. அதை மழுப்பக் கூடாது. ‘ஜெனிசிஸ்’ கதையில் டாக்டரின் தயக்கம் நம்மை உலுக்குவதற்கு, அதற்கு முன் நாம் பார்த்த பதுங்குகுழிகளும் நீண்ட உரையாடல்களும் காரணம். ஆனால் நீளம் மட்டுமே ஆழம் ஆகிவிடாது. ஆறு பகுதிக் கதைகள் பலவற்றில், பிடிபடுவதும் தப்பி ஓடுவதுமாக நடைபாதைகளிலேயே பாதி நேரம் கழிந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய தொடருக்கும் நிதானம் கைவரும் என்பதற்கு 2015-இல் வந்த ‘ஹெவன் சென்ட்’ சான்று. ஒரு கோட்டைக்குள் கிட்டத்தட்டத் தனியாகவே டாக்டராக நடித்த பீட்டர் கபால்டி அந்தப் பகுதி முழுவதையும் தாங்குகிறார்.

அடுத்த மறுப்பு, புதியவர்கள் மரபை மாற்றிவிட்டார்கள் என்பது. எந்த மரபு என்று கேட்க வேண்டும். டாக்டரின் முகம் மாறும், அவராக வேறொரு நடிகர் வருவார் என்பதே 1963-இல் யாரும் எழுதிவைத்த விதி இல்லை. முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நலம் குன்றியபோது, 1966-இல் கண்டுபிடித்த வழி அது. டாக்டரின் இனத்துக்கு ‘டைம் லார்ட்ஸ்’ என்ற பெயர் 1969-இல்தான் வந்தது. அவருக்கு இரண்டு இதயம் என்று 1970-இல் தெரிந்தது. கேலிஃப்ரே என்ற பெயரை 1973-இல் தொடங்கிய ஒரு கதையில்தான் முதலில் கேட்டோம். இன்று நாம் அடித்தளம் என்று நினைப்பவை யாவும் வழியில் கட்டியவை. ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக வருகிறார் என்று 2017-இல் அறிவித்தபோது மரபு போச்சு என்றவர்கள் உண்டு. தொடரை உருவாக்கியவர்களில் முதன்மையான சிட்னி நியூமனே 1986-இல் பிபிசிக்கு எழுதிய கடிதத்தில், டாக்டரைப் பெண்ணாக மாற்றலாம் என்று சொன்னவர். மாற்றம் இந்தத் தொடருக்கு வெளியிலிருந்து வந்த நோய் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை.

அப்படியானால் எந்த மாற்றத்தையும் வரவேற்றுவிடலாமா? கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் அது அளவுகோலே இல்லை. 2020-இல் வந்த ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ பகுதி, டாக்டரின் பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறது: அவர் வேறெங்கிருந்தோ வந்த குழந்தை, டைம் லார்ட்ஸ் இனத்தின் உருமாறும் ஆற்றலுக்கே அவர்தான் மூலம். தன் வேர் தெரியாமல் வளர்ந்தவர்களின் வலியை இதில் காண்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாசிப்பை மதிக்கிறேன். ஆயினும் என் கணிப்பில் இது நல்ல வழிநூல் ஆகவில்லை. முதல் தொடர் தந்த டாக்டர், சலிப்பூட்டும் பாதுகாப்பான வாழ்வை உதறி, ஒரு பழைய ஊர்தியைத் திருடிக்கொண்டு ஓடிவந்தவர். அவருடைய பெருமை பிறப்பில் வந்ததன்று; போகும் வழியில் செய்த தேர்வுகளில் வந்தது. அவரைப் பிறவியிலேயே தனித்தவர் ஆக்கும்போது, முன்னோர் கண்ட முடிபு உடைகிறது. அந்தப் பகுதி பிறரைப் புண்படுத்தியது அதன் புதுமையால் என்று சொல்வார்கள். நான் குறை காண்பது அதன் பொருளில்.

கடைசி மறுப்பு: இதெல்லாம் சிறுவயது ஏக்கம், இதற்கு இவ்வளவு வாதம் எதற்கு? இப்படிக் கேட்பவர்கள், தொடர் எப்படிப் பிழைத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1989-க்கும் 2005-க்கும் நடுவில் 1996-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்ததோடு சரி. அந்த இடைவெளியில் நாவல்களும், 1999 முதல் பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஒலி நாடகங்களும் கதையை நடத்திச் சென்றன. எழுதியவர்களில் பலர் ரசிகர்கள். புதிய தொடரைக் கொண்டுவந்த ரசல் டி டேவிஸ், அந்த வரிசையில் ஒரு நாவல் எழுதியவர். பின்னாளில் தொடரை நடத்திய கிறிஸ் சிப்னல், 1986-இல் இளைஞராகத் தொலைக்காட்சியில் தோன்றி, அப்போதைய கதையை அதை உருவாக்கியவர்கள் முன்னிலையில் குறை சொன்னவர். ஒப்பிட்டு வாதாடியவர்களே பிறகு எழுத உட்கார்ந்தார்கள். நான் சொன்ன மூன்று சான்றுகளும் அந்த வாதத்தில் விளைந்தவை.

வானொலி நேயர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடியோ நாடா விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில், பிபிசி பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. அறுபதுகளின் டாக்டர் ஹூவில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் அப்படிப் படமாகக் காணாமல் போயின. ஆனால் அவற்றில் ஒன்றின் ஒலிகூட அழியவில்லை. ஒளிபரப்பான நேரத்தில் ரசிகர்கள் தங்கள் வீட்டில் ஒலிநாடாவில் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். நிறுவனம் வேண்டாம் என்று துடைத்ததைக் கேட்டவர்கள் காத்தார்கள். 2005-க்குப் பின் அதே காவலைத்தான் அவர்கள் வேறு வகையில் செய்கிறார்கள். பழையதை நினைவில் வைத்து, புதியதை அதன் அருகே நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆகவே, ஒப்பிடுவதை நிறுத்தச் சொல்லாமல், இன்னும் கூர்மையாக ஒப்பிடுவோம். வாய்ப்பு இருப்பவர்கள் ‘தி அஸ்டெக்ஸ்’ கதையைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளே பாம்பேய் கதையைப் பாருங்கள். அட்டைச் சுவர்களும் கணினி நெருப்பும் கண்ணை விட்டு அகன்ற பிறகு, 44 ஆண்டு இடைவெளியில் இரண்டு பெண்கள் ஒரே பயணியிடம் ஒரே வேண்டுகோளை வைப்பது கேட்கும். இரண்டாம் முறை அவர் திரும்பிப் போனார்.