கிளினிக் கொப்பி நனைந்தாலும் மருந்து நிற்கக்கூடாது

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து வந்து இங்கே வெள்ளத்தைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். 1978 நவம்பர் சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் மழை எல்லாம் கண்டவர்கள் நீங்கள். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, கண்டி, நுவரெலியாப் பக்கம் மண் சரிந்தபோது, உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே கஷ்டம் என்று விளங்கியது. கிளினிக் கொப்பியைத்தான் சொல்கிறோம்.

சீனி வருத்தக்காரருக்கும் பிரசர்காரருக்கும் அதுதான் உயிர். என்ன மருந்து, எவ்வளவு, அடுத்த திகதி எது, எல்லாம் அதில்தான். வெள்ளம் வந்தால் பிள்ளையைத் தூக்குவோம், அடையாள அட்டையை எடுப்போம். கொப்பி அலுமாரி அடித்தட்டில் கிடக்கும். முகாமில் டொக்டர் "என்ன குளிசை போடுறீங்க?" என்று கேட்டால், "வெள்ளைக் குளிசை, சின்னது" என்போம். வெள்ளையாய், சின்னதாய் எத்தனை குளிசை இருக்கிறது!

சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இப்போது நோயாளிக்கு ஓர் இலக்கம் கொடுத்துக் கணினியில் பதிகிறார்கள். அந்தப் பதிவை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்க முடிந்தால், கொப்பி போனாலும் மருந்து போகாது. எலிக்காய்ச்சலுக்கும் இது உதவும். வெள்ளம் வடிந்து வயலில் இறங்கும்போதுதான் அது வரும். நோயாளி பற்றிய அறிவித்தல் தபாலில் போகாமல் உடனே சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போனால், அந்த ஊருக்குத் தடுப்பு மருந்து நேரத்தோடு வரும்.

ஆனால் கணினி வந்தால் எல்லாம் சரி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபையின் ஆவணங்கள் 2021இல் அரசாங்கக் கணினிச் சேமிப்பிலிருந்து அழிந்துபோனது நாடறிந்த விஷயம். நகல் இல்லாத கணினியும் நனைந்த கொப்பியும் ஒன்றுதான். ஆகவே கணினியை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சோலார் வேண்டும். சிக்னல் இல்லாதபோதும் திறக்கிற நகல் வேண்டும்.

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வாவியைக் கடக்கிற படகை இங்கே 'பாதை' என்கிறீர்கள். பாதை ஓடாத நாளில் பிரசவ வலி வந்தால் என்ன செய்வது? மாரியில் பிள்ளை பெறப்போகிறவர் யார், எந்த வீடு என்று மருத்துவமாதுவுக்குத் தெரியும். அது ஒக்டோபருக்கு முன்பே பட்டியலானால், அவரை நேரத்தோடு ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். மண்சரிவு அபாயமுள்ள லயங்களுக்கும் இதே பட்டியலைக் கேட்கிறோம்.

தோட்டத்தில் இன்னொரு பயமும் உண்டு. டிஸ்பென்சரிப் பதிவு துரை கைக்குப் போனால்? கர்ப்பிணி என்று, காசநோய் என்று பார்த்துப் பேர் போடாமல் விட்டால்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நோயாளியின் பதிவு வைத்தியருக்கும் நோயாளிக்கும் மட்டுமே என்று எழுத்தில் தரச்சொல்லி நிர்வாகங்களிடம் கேட்போம்.

அதுவரை, கொப்பியின் கடைசிப் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு அடையாள அட்டையோடு வையுங்கள். தலைவர்மார், தலைவிமார் தங்கள் இடத்தில் இன்சுலின் போடுகிறவர் எத்தனை பேர், கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்று எண்ணி மாரிக்கு முன் சங்கக் காரியாலயத்துக்குத் தாருங்கள். எண்ணிக்கை போதும், பெயர் எங்களுக்கும் வேண்டாம்.