சாம்புவின் ரகசியம்



துப்பறியும் கதைகளில் பொதுவாக ஓர் ஏற்பாடு உண்டு. துப்பறிகிறவருக்கு எல்லாம் தெரியும், படிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. வந்தவரின் சட்டைக்கையில் தெறித்திருக்கும் சேற்றைப் பார்த்தே அவர் எந்த வண்டியில் வந்தார் என்று ஷெர்லாக் ஹோம்ஸ் சொல்லிவிடுவார். வாட்சனோடு சேர்ந்து நாமும் வாய் பிளப்போம்.

1942-இல் ஆனந்த விகடனில் தேவன் எழுதத் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' இந்த ஏற்பாட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. ஊரே சேர்ந்து அசடு என்று முடிவு கட்டிவிட்ட ஆள். அவர் பயந்துபோய் உளறுவது குற்றவாளியின் காதில் மிரட்டலாக விழும். வழி தவறி நுழைந்த இடமே திருடனின் இடமாக இருக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலனோ, "என்ன மூளை ஐயா உமக்கு!" என்கிற தோரணையில் மெச்சிக்கொண்டே இருப்பார். நடந்தது என்ன என்பது வாசகருக்கு மட்டும் தெரியும். தமிழில் முரண்நகை என்று சொல்கிறோமே, அது இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. சொல்லப்படுவது ஒன்று, உண்மை வேறொன்று. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் இடத்தில் நம்மை உட்கார வைக்கிறார் தேவன்.

அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. சாம்புவுக்குப் பெயர் பரவுகிறது. வேம்புவோடு கல்யாணம் ஆகிறது, சுந்து பிறக்கிறான், பெரிய மனிதர்கள் தேடி வருகிறார்கள். ஒவ்வொரு கதையிலும் குற்றம் துலங்குவதைவிட இந்தப் புகழ் எப்படி ஊதிப் பெருக்கிறது என்பதுதான் சுவாரஸ்யம். மேதை என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் அவர் பேசாமல் இருப்பதற்குக்கூட ஊர் ஒரு பொருள் கண்டுபிடித்துவிடும். இதை இத்தனை கூர்மையாகப் பார்த்தவர், சாம்புவை ஓரிடத்திலும் இழிவுபடுத்தவில்லை. அந்தக் கருணைதான் தேவனின் தனிச்சொத்து.

தேவன் திருவிடைமருதூரில் பிறந்தது 1913-இல். அதே ஆண்டில் இங்கிலாந்தில் இ. சி. பெண்ட்லியின் 'டிரெண்ட்ஸ் லாஸ்ட் கேஸ்' வெளிவந்தது. அதில் துப்பறியும் டிரெண்ட் அற்புதமாகத் தர்க்கம் செய்து தவறான முடிவுக்கு வருவார். நம் சாம்பு தர்க்கமே இல்லாமல் சரியான முடிவில் போய் விழுவார். சாம்புவைப் போலவே தடுமாறித் தடுமாறி ஜெயிக்கும் இன்ஸ்பெக்டர் குளூசோ சினிமாவில் வந்ததெல்லாம் 1963-இல்தான்.

தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால் வேறு வகை. டீ குடித்தபடி யோசிப்பார், தோற்க மாட்டார். அங்கே முரண்நகைக்கு வேலையில்லை, வாசகர்களும் அதை எதிர்பார்க்கவில்லை. 

திருவல்லிக்கேணியில் பிறந்த சுஜாதா இன்னொரு வழி பிடித்தார். 1968-இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' வழக்கறிஞர் கணேஷை அறிமுகப்படுத்தியது. பிறகு அவருக்கு ஜூனியராக வசந்த் வந்து சேர்ந்தான். கணேஷ் நிதானமாக அடுக்கும் வாதத்தை அவனுடைய ஒரு குறும்பு கலைத்துப் போட்டுவிடும். 'கொலையுதிர் காலம்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. அறிவியலை வாழ்நாளெல்லாம் தமிழில் எழுதிய மனிதர், அறிவியலுக்கும் அமானுஷ்யத்துக்கும் நடுவே ஒரு கதவைச் சாத்தாமல் விட்டுவைத்தார். படித்து முடித்தவர்கள் இன்றும் அதைப் பற்றி வாதாடுகிறார்கள்.

சாம்பு மேடைக்கும் போனார். அந்த வேடம் கட்டிய நடராஜனுக்குச் 'சாம்பு' நடராஜன் என்றே பெயர் நிலைத்தது. பின்னாளில் தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவானார். நடிப்பவருக்கு இது கடினமான வேடம். கோபாலன் புகழும்போது சிரித்துவிடக் கூடாது, பெருமைப்படவும் கூடாது. எதற்காகப் புகழ்கிறார்கள் என்று நிஜமாகவே விளங்காமல் விழிக்கிற முகம் வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும்.